லந்தானோ மெனோன்

1942ஆம் ஆண்டு மார்ச் மாதம், மலாயாவின் ஜொகூரில், பாலோவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், ஸ்டானிஸ்லாஸ் கிராணியார் ஒரு பன்றியைத் தோளில் போட்டுக்கொண்டு ஜப்பான் சிப்பாயின் மூக்குக்கு முன்னால் நடந்து போனார். சிப்பாய்க்குப் பன்றியும் தெரியவில்லை, கிராணியாரும் தெரியவில்லை. பன்றி வாயை மூடிக்கொண்டும் வரவில்லை. தொண்டை கிழியக் கத்திக்கொண்டுதான் வந்தது. சிப்பாய் மழை வருமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு நேரம் அது. களத்தில் நின்ற ஆண், பெண், குழந்தை குட்டி அத்தனை பேரும் பார்த்தார்கள். அன்றைக்கு மழையும் வந்தது.

ஸ்டானிஸ்லாஸ் அந்தத் தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை பார்த்தவர். அந்த வேலைக்குத்தான் கிராணி என்று பெயர். வெள்ளைக்காரத் தொரை தன் நாயையும் கிராமபோனையும் காரில் ஏற்றிக்கொண்டு சிங்கப்பூருக்கு ஓடியபோது, சாவிக்கொத்தை இவர் கையில் திணித்து, ரெண்டு வாரத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வந்தது ஜப்பான்காரர்கள், சைக்கிளில். அவர்களுக்கும் ஒரு கிராணி தேவைப்பட்டதால் இவர் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சிப்பாய்கள் வீடு வீடாகக் கோழியும் பன்றியும் பிடித்துக்கொண்டு போன நாட்கள் அவை. பன்றி கிராணியாருடையது கூட இல்லை, அவர் மனைவி அமலோற்பவத்தினுடையது. அன்று காலை அவள் அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்: "என் பன்னிய அவனுங்க கையில குடுத்தீங்கன்னா, அப்புறம் ராத்திரி சோத்துக்கும் அவனுங்ககிட்டயே தட்ட நீட்டிக்குங்க." கிராணியார் பன்றியைத் தூக்கிக்கொண்டார். சதுப்புக் காட்டுக்குப் போகிற பாதை பெரட்டுக் களத்தின் நடுவே போனது. சிப்பாயைப் பார்த்ததும் அவர் ஜெபம் சொல்ல வாயைத் திறந்தார். ஜெபம் வரவில்லை, பழைய கிரேக்கம் வந்தது.

கிரேக்கம் எப்படி வந்தது என்றால், அவர் சாமியாராக வேண்டிய ஆள். பினாங்கில் ஒரு குருமடத்தில் சில வருஷம் படித்தார். அங்கே வயதான பிரெஞ்சுக்காரச் சாமியார் ஒருவர் கிரேக்கம் சொல்லிக்கொடுத்தார். ஒரு திருவிழா நாளில், தூரத்திலிருந்து குடும்பத்தோடு வந்திருந்த அமலோற்பவத்தை இன்னொரு தடவை பார்ப்பதற்காக ஸ்டானிஸ்லாஸ் மதில் ஏறிக் குதித்தார். குதித்த இடத்தில் அந்தச் சாமியார் குடையோடு நின்றுகொண்டிருந்தார். தண்டனையாக, ஒரே ஒரு வினைச்சொல்லை எடுத்து, எல்லாக் காலத்திலும் எல்லா இடத்திலும் வைத்து, மணியடிக்கும்வரை சரளைக்கல்லில் முழங்கால் போட்டுச் சொல்லச் சொன்னார். அடுத்தவர் கவனத்துக்குத் தப்புவது என்று பொருள்படுகிற சொல் அது. "வினையப் படிச்சே, வினைய செய்யத் தெரியல்லே" என்று தன் உடைந்த தமிழில் வருத்தப்பட்டாராம். பிறகு ஸ்டானிஸ்லாஸ் குருமடத்தை விட்டார், அமலோற்பவத்தைக் கட்டினார், தோட்டத்துக்கு வந்தார். மற்ற கிரேக்கம் எல்லாம் ஜொகூர் மழையில் கரைந்து போயிற்று. அந்த ஒரு சொல் மட்டும் முழங்காலில் தங்கிவிட்டது.

அன்று சாயங்காலமே தோட்டம் முழுக்கக் குழாயடிக்கு வந்துவிட்டது. மரத்துக்குப் பால் வெட்டும் செல்லப்பன், அவன் பெண்சாதி செல்லம், அவர்களோடு லயத்து வரிசை வீட்டு சனம் எல்லாம் சூழ்ந்துகொண்டு, அந்த மந்திரம் என்ன என்று கேட்டார்கள். மந்திரம் இல்லை, இலக்கணம் என்றார் கிராணியார். சொல் லந்தானோ. "நாம என்ன சொல்றோம்? 'தெரியாம தூக்கிட்டுப் போனேன்'னு சொல்றோம். தூக்கறதுதான் நமக்குப் பெருசு. தெரியாமங்கறது முன்னால சும்மா ஒட்டிக்கிட்டு வரும். கிரேக்கக்காரன் அப்படி இல்ல. அவனுக்குத் தெரியாம இருக்கறதுதான் முக்கியமான வேல, வாக்கியத்த அதுதான் முடிக்கும். தூக்கறது வெறும் எச்சம்."

"எச்சம்னா காக்கா போடுமே, அதா கிராணியாரே?" என்றாள் செல்லம்.

"வினையெச்சம்."

"காக்காவுக்கும் அது வினதானே," என்றான் செல்லப்பன். கிராணியார் அவனைப் பார்க்காமல் மேலே போனார். யாருடைய கண்ணுக்குத் தப்ப வேண்டுமோ அந்த ஆளையும் சொல்ல வேண்டும். தமிழில் 'அவனுக்குத் தெரியாமல்' என்போம். கிரேக்கத்தில் 'அவனை' என்றுதான் வரும். அடிப்பது போல, உதைப்பது போல, சொல் நேரே அவன் மேல் போய் விழ வேண்டும். சிப்பாயை என்பதற்கு ஸ்திரதியோத்தேன். தூக்கிக்கொண்டு என்பதற்கு பெரோன். ஆக, லந்தானோ ஸ்திரதியோத்தேன் பெரோன். சனம் ஒரு தடவை சொல்லிப் பார்த்தது. ஸ்திரதியோத்தேன் அன்றைக்கே சித்திராத்தேன் ஆகிவிட்டது. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

கெட்டது வேறு இடங்களில். எந்தச் செய்கையைச் சொல்கிறோமோ அது நடக்கும்வரைக்கும்தான் மறைவு என்பதைச் செல்லப்பன் சரியாகக் காதில் வாங்கவில்லை. ஸ்டோரிலிருந்து ஒரு மூட்டை அரிசியோடு சிப்பாயைத் தாண்டிப் போனவன், வழியில் கணுக்காலில் கொசு கடித்தது என்று மூட்டையை இறக்கி வைத்துச் சொறிந்தான். சொறிவது தூக்குவது இல்லை. சிப்பாய் திடீரென்று முளைத்த ஆளையும் மூட்டையையும் பார்த்து அவன் கன்னத்தில் அறைந்தான். அறை வாங்கிய செல்லப்பன் குனிந்து மூட்டையைத் திரும்பத் தோளில் ஏற்றிக்கொண்டு மறைந்தான். சிப்பாய் வெகுநேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெண் தூக்கினால் பெரோன் அல்ல, பெரூசா என்று சொல்ல வேண்டும். கைம்பெண் வெள்ளையம்மா மறந்துபோய் ஆண்பிள்ளை மாதிரி பெரோன் என்றாள். சிப்பாய்க்கு அவள் தெரிந்தாள், அவள் பெண் என்பது மட்டும் தெரியவில்லை. அன்று அவளுக்கு ஆம்பளை ரேஷன் கிடைத்தது. அதற்குப் பிறகு அவள் வேண்டுமென்றே பெரோன் என்றாள், யார் திருத்தியும் கேட்கவில்லை.

காளியப்பன் கதை இன்னும் மோசம். அந்த வினைக்குக் கடைசியில் மாய் என்று ஒரு வால் வைத்து, லந்தானோமாய் என்று இன்னொரு வடிவம் உண்டு. கிராணியார் பாடம் நடத்தும்போது அதைச் சும்மா சொல்லிவைத்தார். வால் வைத்தால் வினை வெளியே போகாமல் சொன்னவன் பக்கமே திரும்பிவிடும். அடுத்தவர் கவனத்துக்குத் தப்புவது போய், தானே மறந்துவிடுவது என்று பொருள் வரும். காளியப்பன் மாய் என்றால் மாயம், டபுள் பவர் என்று நினைத்துவிட்டான். சொல்லிக்கொண்டே சிப்பாயிடம் நேராகப் போனான், ஜப்பான்காரன் வந்ததையே மறந்தான். "யாருப்பா நீ, புது வாட்ச்மேனா? தொரைய எங்க?" என்று அவன் தோளில் கை போட்டான். அடி வாங்கினான். அடியையும் மறந்தான். சண்டை முடிகிறவரைக்கும் தோட்டத்தில் கவலையில்லாமல் தூங்கிய ஒரே ஆள் அவன்தான். அவனுக்கு மட்டும் அது ஆங்கிலேயர் காலமாகவே இருந்தது.

பெண்கள் தங்கள் போக்கில் ஒரு காரியம் செய்தார்கள். லந்தானோ என்ற சொல் தமிழ்க் காதுக்கு வந்தானோ, போனானோ மாதிரிதானே கேட்கிறது. ஆம்பளைக்கு லந்தானோ என்றால் பொம்பளைக்கு லந்தாளோ என்று வைத்துக்கொண்டார்கள். பெரியவருக்கு லந்தாரோ. கும்பலாகப் போனால் லந்தாங்களோ. கோழியை மறைக்க லந்துச்சோ. கிராணியார் தலையில் கை வைத்துக்கொண்டார். "அது 'நான்'. நான் தப்புறேன்னு அர்த்தம். 'அவன்' இல்ல. ஆம்பள பொம்பள எல்லாம் வினையில வராது, எச்சத்துல தான் வரும்" என்று கத்தினார். அமலோற்பவமும் கிராணி வீட்டம்மா என்ற முறையில், குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு மற்றவர்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். தமிழாக்கிய வினை வேலை செய்யாமலும் இல்லை. ஆனால் தமிழில் ஓ போட்டால் சந்தேகம். அதனால் மறைவும் சந்தேகமாகவே கிடைத்தது. கோழி போனதா போகவில்லையா என்று சிப்பாய் அரைநாள் யோசித்துக்கொண்டு நிற்பான். யோசித்து முடிக்கும்போது சில சமயம் கோழி குழம்பாகியிருக்கும், சில சமயம் அகப்பட்டுக்கொள்ளும்.

அடுத்த வருஷம் சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று உத்தரவு வந்தது. லாரிகள் தோட்டம் தோட்டமாகப் போய் ஆண்களை ஏற்றி, பாலோ ஸ்டேஷனில் கொண்டுபோய் இறக்கின. பக்கத்துத் தோட்டங்களிலிருந்து போனவர்களில் திரும்பி வந்தவர்கள் கொஞ்சம். அந்தத் தோட்டங்களுக்கும் இங்கிருந்து சொல்லைக் கொடுத்தனுப்பினார்கள். தூரத்திலிருந்து கேட்டவர்கள் வந்தானோ, வந்தானோ என்றே சொன்னார்கள். அது யாரையும் மறைக்கவில்லை. இங்கே, உத்தரவு வந்த அன்று வெள்ளையம்மா அவசரமாகப் பெரூசாவுக்குத் திரும்பினாள். ஆண்கள் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று, சும்மா நிற்பதற்கு உண்டான மெனோன் என்ற எச்சத்தைப் போட்டு, லந்தானோ சித்திராத்தேன் மெனோன் என்று ஒருமித்துச் சொன்னார்கள். ஹாயாஷி என்ற அதிகாரி வந்து பார்த்தபோது களத்தில் பெண்கள், பிள்ளைகள், பதில் சொல்வதற்காக மறையாமல் நின்ற கிராணியார், இவ்வளவுதான் இருந்தார்கள். மூன்று தடவை வந்து பார்த்துவிட்டு, ஆள் இல்லையென்றால் கிராணியே சயாமுக்குப் போகட்டும் என்று ஹாயாஷி முடிவு செய்தார். இந்தத் தோட்டத்துக்குள் போனாலே சிப்பாய்களுக்குக் கண் மங்குகிறது என்று அவருக்கு ஒரு எண்ணம். அதனால் சிப்பாய்களை அனுப்பவில்லை. ஆள்பிடிக்கும் வேலைக்கு வைத்திருந்த இரண்டு தமிழர்களை அனுப்பினார். மூத்தவன் மணியம், இளையவன் லெட்சுமணன்.

அவர்கள் வந்த நேரம் சனிக்கிழமை மத்தியானம். லாரி சத்தம் கேட்டு மற்ற ஆண்கள் காட்டுக்குள் ஓடிவிட்டார்கள். கிராணியார் எண்ணெய் தேய்த்து இடுப்பில் துண்டோடு வீட்டு நடுவில் நின்றுகொண்டிருந்தார். நல்லெண்ணெய் கிடைக்காத காலம். செம்பனை எண்ணெய் தேய்த்து ஆரஞ்சுப் பழம் மாதிரி இருந்தார். அமலோற்பவம் எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சி. அவர் ஓடினாலும் அவள் ஓட முடியாது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சிப்பாயை என்று சொல்லலாம் என்றால், வருகிறவர்கள் சிப்பாய்கள் இல்லை. ஆள்பிடிக்கிறவனை என்பதற்குக் கிரேக்கத்தில் என்ன வார்த்தை என்று பினாங்குச் சாமியார் சொல்லிக்கொடுக்கவில்லை. பதற்றத்தில் யாரை என்பதையே விட்டுவிட்டார். ஒரு தடவை இருந்து முடிப்பதற்கு ஒரு எச்சம் உண்டு, இருந்துகொண்டே இருப்பதற்கு ஒரு எச்சம் உண்டு. வாயில் வந்தது இரண்டாவது. "லந்தானோ மெனோன்" என்றார். யாரை என்று சொல்லாததால் அந்த நிமிஷம் முதல் உலகத்தில் எவர் கவனத்திலும் அவர் படவில்லை. பக்கத்தில் நின்ற அமலோற்பவத்துக்கும்தான்.

மணியமும் லெட்சுமணனும் உள்ளே வந்தார்கள். ஆரஞ்சு நிற மனிதரைச் சுற்றிக்கொண்டு போய் அடுக்களையைப் பார்த்தார்கள், கட்டிலுக்கு அடியில் பார்த்தார்கள்.

"கிராணி எங்கம்மா?" என்றான் மணியம்.

"தெரியல," என்றாள் அமலோற்பவம். அவளுக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை. நிஜமாகவே தெரியவில்லை.

"இப்பத்தான வாசல்ல வரும்போது ஒரு கொரல் கேட்டுச்சு."

"ஆமாண்ணே," என்றான் லெட்சுமணன். "வந்தானோ மேனோன்னு கேட்டாங்க."

"யாரு அந்த மேனோன்?"

"அப்படி யாரும் எனக்குத் தெரியாதுங்க."

மணியம் அவளை மேலும் கீழும் பார்த்தான். மலையாளத்து மேனோன்கள் அந்தக் காலத்தில் தோட்ட ஆபீசுகளில் அங்கங்கே வேலையில் இருந்ததால் அவனுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. "தெரியாதுன்னு சொல்ற வேகத்தப் பாத்தா பெரிய கை போல இருக்குடா," என்றான். தோட்டத்து ஆண்களையெல்லாம் ஒளித்து வைத்திருப்பது இந்த மேனோன்தான், கிராணியையும் அவன்தான் கொண்டுபோயிருக்கிறான் என்று ஹாயாஷிக்குச் சொல்லியனுப்பினார்கள். மேனோனைப் பிடிக்காமல் திரும்ப வேண்டாம் என்று பதில் வந்தது. இருவரும் கிராணி வீட்டிலேயே பாயை விரித்தார்கள். காலையில் மேனோனைத் தேடிப் போவார்கள், சாயங்காலம் மரவள்ளிக்கிழங்கு சாப்பிடத் திரும்புவார்கள். நாளுக்கு நாள் மேனோன் வளர்ந்தான். அவனுக்குத் தாடி இருப்பதாகவும், ஒரு கண் இல்லை என்றும் பாலோ கடைத்தெருவில் பேச்சு வந்தது. பக்கத்துத் தோட்டத்தில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நிஜமான மேனோன் ஒருவர், ஒரு பாவமும் அறியாதவர், பயந்துபோய்த் தன் பெயரை மாணிக்கம் என்று மாற்றிக்கொண்டு சாகும்வரை மாணிக்கமாகவே இருந்தார்.

கிராணியார் வீட்டு மூலையில் இருந்தார். இருப்பது ஒன்றுதான் அவர் சொன்ன எச்சம், அதனால் இருப்பதைத் தவிர வேறு எதைச் செய்தாலும் தெரிந்துவிடுவார். தும்மக் கூடாது, சாப்பிடக் கூடாது, துண்டை இறுக்கிக் கட்டக் கூடாது. அமலோற்பவம் இதை யோசித்துக் கண்டுபிடித்தாள். ஆள்பிடிக்கிறவர்கள் வெளியே போனதும் மூலையில் ஒரு தட்டை வைத்தாள். தட்டில் கிழங்கு குறையத் தொடங்கியதும், அதை எடுக்கிற கை தெரிந்தது, மெல்லுகிற வாய் தெரிந்தது, பின்னால் முழுப் புருஷனும் தெரிந்தார். "நல்லா இருக்கீங்களா?" என்றாள். அவர் தலையாட்டினார். கடைசி வாயை விழுங்கினார், போய்விட்டார். கிழங்கு வெந்து மாவாக இருந்தது, நாலு வாயில் முடிந்துவிட்டது. மறுநாள் அவள் புளியங்கொட்டையை வறுத்து வைத்தாள். அதை மென்று தின்பதற்குள் பல் தேய்ந்துவிடும். கிராணியார் மத்தியானம் முழுக்கக் கடக், கடக் என்று மென்றுகொண்டிருந்தார். அவள் எதிரே உட்கார்ந்து பிள்ளைக்குத் துணி தைத்துக்கொண்டு அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேற ஏதாச்சும் வெந்தது கெடைக்குமா? தாடை வலிக்குது," என்றார் ஒரு நாள்.

"வலிச்சா வலிக்கட்டும். கிழங்கு வெச்சா ஓடிப்போயிடுறீங்க."

அப்படி ஒரு மத்தியானம் லெட்சுமணன் காலில் அட்டை ஏறிவிட்டது என்று பாதி வழியில் திரும்பி வந்தான். புகையிலை கேட்க உள்ளே நுழைந்தவன் முன்னால், துண்டு கட்டின ஆரஞ்சு நிற மனிதர் சம்மணம் போட்டு உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தார். கிராணியாரின் தாடை நின்றது, ஆனால் வாய்க்குள் இருந்த கொட்டையை என்ன செய்வது என்று தெரியாமல் விழுங்கினார், அது இறங்காமல் விக்கல் பிடித்துக்கொண்டது. விக்குவதும் ஒரு செய்கைதான். லெட்சுமணன் வாயைத் திறந்தான். அவன் ஒரு குரல் கொடுத்தால் லாரி வந்துவிடும். அமலோற்பவம் எழுந்தாள். தோட்டத்துப் பெண்களையெல்லாம் திருத்தியவளுக்கு அந்த நேரத்தில் 'நான்' வரவில்லை, ஸ்திரதியோத்தேன் வரவில்லை, எச்சம் எதுவும் வரவில்லை. புருஷனைப் பற்றிப் பேசும்போது எப்படிப் பேசுவாளோ அப்படி, மரியாதையோடு, "லந்தாரோ" என்றாள்.

கிராணியார் மறையவில்லை. ஆனால் லெட்சுமணன் கண்ணைக் கசக்கினான். இங்கே ஒருவர் இருக்கிறாரா என்று பார்த்தான். இருக்கிற மாதிரியும் இருந்தது. சுவரைப் பார்த்தான், சுவரும் அப்படித்தான் இருந்தது. காலில் அட்டை இருந்ததா என்று குனிந்து பார்த்தான். பிறகு மெதுவாக வெளியே போய் மாமரத்தடியில் நின்றுகொண்டான். சாயங்காலம் மணியம் வந்து சேர்ந்தான்.

"என்னடா இங்க நிக்கிற? எதையாச்சும் பாத்தியா?"

"பாத்தேனோ, அண்ணே."

"யார? கிராணியவா?"

"கிராணியோ."

"இல்ல மேனோனா?"

"மேனோனோ."

மணியம் ஓங்கி ஒன்று வைத்தான். "வலிக்குதா?"

"வலிக்குதோ," என்றான் லெட்சுமணன், அழுதுகொண்டே.

இப்படிப்பட்டவனை வைத்துக்கொண்டு சூசா, பெரிய தொல்லை என்று மணியத்துக்குத் தோன்றிவிட்டது. அந்த வீட்டில் என்னவோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, தனக்கும் ஒட்டுவதற்கு முன் கிளம்பிவிட வேண்டும் என்று பாயைச் சுருட்டினான். ஹாயாஷி, தோட்டத்தில் கிராணி இருக்கிறானா இல்லையா, ஒரே வார்த்தையில் சொல் என்றார். லெட்சுமணனால் முடியவில்லை. கொஞ்ச நாளில் ஹாயாஷியை வேறு இடத்துக்கு மாற்றினார்கள், சயாம் வேலையும் முடிந்தது. லெட்சுமணன் பிற்பாடு குளுவாங்கில் கடை வைத்துப் பிழைத்தான் என்கிறார்கள். பிழைத்தானோ என்று அவனே கேட்டுக்கொள்வானாம். அமலோற்பவத்துக்கு வலி எடுத்த அன்று கிராணியார் வெந்நீர் வைக்க, மருத்துவச்சியைக் கூட்டி வர, விறகு பிளக்க என்று ஓடிக்கொண்டே இருந்ததால் நாள் முழுக்கப் பளிச்சென்று தெரிந்தார். பெண் பிள்ளை பிறந்தது. இன்பராணி என்று பெயர் வைத்தார்கள்.

ஜப்பான்காரர்கள் போனார்கள், வேறொரு தொரை வந்தார், காளியப்பன் அவரை நேற்றுப் பார்த்தவர் மாதிரி விசாரித்தான். எல்லாம் பழையபடி ஆனது, கிராணியாரின் எச்சம் மட்டும் முடியவில்லை. எழுதினால் ஆபீசில் தெரிவார். பேனாவை வைத்துவிட்டு யோசித்தால் நாற்காலி காலியாகிவிடும். புதுத் தொரை நாள் முழுக்க நிறுத்தாமல் எழுதுகிற கிராணி இவர் ஒருவர்தான் என்று மெச்சிக்கொண்டார். பஸ்ஸில் சும்மா உட்கார்ந்தால் ஆட்கள் மடியில் வந்து உட்கார்ந்தார்கள், அதனால் எப்போதும் கச்சான் கடலை உரித்துக்கொண்டு போனார். மாதா கோவிலில் பிரசங்க நேரத்தில் காணாமல் போய்விடுவார், பாட்டு வந்ததும் திரும்பிவிடுவார். பினாங்கிலிருந்து அந்தக் கிழச் சாமியார் ஒரு தடவை அந்தப் பக்கம் வந்தபோது, இதற்கு மாற்று உண்டா என்று அமலோற்பவம் கேட்டாள். என்ன சொன்னான் என்று அவர் எழுத்து எழுத்தாகக் கேட்டுக்கொண்டார். ஒரு தடவை இருந்து முடிக்கிற எச்சத்தைப் போட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும் என்றார். "இது இருந்துகொண்டே இருக்கிறது. அவன் இருக்கிற வரைக்கும் இருக்கும்," என்றார். பிறகு, இவ்வளவு நன்றாக அந்த வினையைப் படித்த மாணவன் தனக்கு வேறு யாரும் இல்லை என்று சந்தோஷப்பட்டு, கிராணியாருக்கு ஒரு சுருட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். சுருட்டுப் பிடிக்கிறவரைக்கும் கிராணியார் தெரிந்துகொண்டிருந்தார்.

வீட்டில் சும்மா இருந்தால் பெண்சாதிக்குத் தெரியமாட்டார் என்பதால் அவர் சும்மா இருப்பதை விட்டுவிட்டார். தோட்டத்தில் எந்த ஆம்பளையும் செய்யாத வேலைகளைச் செய்தார். மிளகாய் அரைத்தார், பாத்திரம் கழுவினார், தொட்டில் ஆட்டினார், துணி மடித்தார். அமலோற்பவத்துக்கு அவரோடு பேச வேண்டும் போல இருந்தால் ஒரு முறம் பயறைக் கொண்டுவந்து முன்னால் வைப்பாள். அவர் கல் பொறுக்குவார், இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள். சண்டை வந்தால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அவள் காலி மூலையைப் பார்த்துத் திட்டித் தீர்த்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து ஒரு தேங்காயையும் துருவுகட்டையையும் அந்த மூலையில் வைத்துவிட்டு வருவாள். ராத்திரி குறட்டை விட்டால் தெரிவார். இன்பராணிக்குப் பேச்சு வந்தபோது, அப்பா எங்கே என்று அவள் கேட்டதில்லை. அப்பா என்ன செய்யுது என்றுதான் கேட்டாள். செல்லம் வந்து, "எங்க ஊட்டுக்காரருக்கும் அந்தச் சொல்ல ஒரு தடவ சொல்லிக் குடுங்களேன்," என்று கேட்டுப் பார்த்தாள். செல்லப்பன் பழைய கணுக்கால் கதையை ஞாபகப்படுத்தி மறுத்துவிட்டான்.

வருஷங்கள் போயின. இன்பராணி கல்யாணமாகி பாசிர் கூடாங் பக்கம் போனாள். கிராணியார் வேலையிலிருந்து நின்று, பாலோவில் ஒரு சின்ன வீட்டுக்குக் குடிவந்தார்கள். கை நடுங்க ஆரம்பித்தபோது கிராணியார் சந்தோஷப்பட்டார், நடுங்குவதற்காவது தெரிவோம் என்று. 1974ஆம் ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அமலோற்பவம் அடுக்களையில் மீன் அலசிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். கிராணியார் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் முறம் இல்லை. வாயில் ஒன்றும் இல்லை. கை நடுங்கவில்லை. ஒன்றுமே செய்யாமல் சும்மா இருந்தார், முழுசாகத் தெரிந்தார். காதோரத்து நரையும், கழுத்தில் வெள்ளைப் பவுடரும், மடியில் மடங்கியிருந்த இரண்டு கையும். அவள் இன்னொரு நாற்காலியை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, தோட்டத்திலிருந்தே பழகிய அடுத்த வீட்டுக் காளியம்மா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தாள். "என்னக்கா, அடுப்புல மீன் வெச்சிட்டீங்களா இல்லையா? சத்தத்தையே காணோம்."

"இல்லம்மா," என்றாள் அமலோற்பவம். "அவரு சும்மா உக்காந்திருக்காரு. பாத்துக்கிட்டு இருக்கேன்."

காளியம்மா கையிலிருந்த துணியைக் கொடியில் போட்டாள். செருப்பை மாட்டிக்கொண்டு, துக்க மணியடிக்கச் சொல்ல மாதா கோவிலுக்குப் போனாள்.